வினாடியில் பத்தில் ஒரு பங்கு

கதவு சாத்தப்படும் ஷாட் முடிந்து, அவள் படிக்கட்டில் இறங்கும் ஷாட் தொடங்கும் இடத்தில் ஒரு மினுக்கு. கண் சிமிட்டினால் தெரியாது, சிமிட்டாதவர்களுக்குத் தெரியும். யாரோ குறுக்கே ஒரு புகைப்படத்தை நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டதுபோல ஒரு துள்ளல். எடிட்டிங் மென்பொருளில் அந்த வெட்டை இடப்பக்கம் ஒரு படி நகர்த்தினால் கதவு முழுவதும் சாத்துவதற்குள் ஷாட் முடிந்து, சத்தமும் பாதியில் அறுந்துபோகும். வலப்பக்கம் ஒரு படி நகர்த்தினால் மினுக்கு. நடுவில் நிற்க இடம் இல்லை. ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் இந்த இரண்டு படிகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தேன்.

நான் தொழில்முறை எடிட்டர் அல்ல. பிடித்த தொடர்களையும் படங்களையும் எனக்காகவும் என்னைப் போன்ற நாலு பேருக்காகவும் வெட்டி ஒட்டிப் பார்க்கிறவன். துணைப் பாத்திரம் ஒன்றின் காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அவள் கண் வழியாகக் கதை சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்ப்பது. பல ஆண்டுகள் ஓடிய ஒரு நட்பை மூன்று நிமிடப் பாடலுக்குள் அடக்குவது. இந்த மாதிரி வேலைகள். இந்தப் பொழுதுபோக்குக்கு என்னைவிட வயது அதிகம். 1975-இல் கேண்டி ஃபோங் என்ற அமெரிக்க ரசிகை ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஸ்லைடுகளைப் பாடலோடு சேர்த்துத் திரையில் காட்டியதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பின்னால் வந்தவர்கள் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் பதிந்தார்கள். பதிவுப் பொத்தானை அழுத்தினால் டேப் கொஞ்சம் பின்னோக்கி உருண்ட பிறகுதான் பதியத் தொடங்கும். எவ்வளவு உருளும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். தன் இயந்திரத்தின் குணத்தை மனப்பாடம் செய்து, அதற்கேற்ப விரலைப் பழக்கி வெட்டியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று என் குறைகளை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மென்பொருளைக் குறை சொன்ன ஒவ்வொரு தடவையும் நண்பர்கள் இதைத்தான் எடுத்து வீசினார்கள். இரண்டு ஆண்டுகள் நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்த மென்பொருள், கணினியோடு சேர்ந்து வந்த எளிய ரகம். அதன் டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், அளவுகோல் வினாடியின் பத்தில் ஒரு பங்காகத்தான் பிரிந்திருந்தது. திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஒரு ஃபிரேமின் நீளம் வினாடியில் 24-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மில்லிவினாடி. பத்தில் ஒரு வினாடி என்றால் 2.4 ஃபிரேம். ஆகவே நான் ஒரு படி நகர்த்தும் ஒவ்வொரு முறையும் வெட்டு இரண்டு மூன்று ஃபிரேம் தாவிக்கொண்டிருந்தது. நான் தேடிய ஃபிரேமில் கால் வைக்க அங்கே படியே இல்லை. கூடம் நிஜமாகவே கோணல்தான்.

தானே கேமராவில் எடுத்த வீடியோவை வெட்டுகிறவருக்கு இது பெரிய தொல்லை ஆகாது. அவர் ஷாட்டுக்கு முன்னும் பின்னும் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார். மூன்று ஃபிரேம் தள்ளி வெட்டினாலும் அதே ஷாட்தான் தெரியும். ரசிகர் எடிட்டுக்கு அந்த வசதி இல்லை. நாம் கையாளுவது ஏற்கெனவே ஒருவர் வெட்டி முடித்த சரக்கு. ஷாட்டின் கடைசி ஃபிரேமுக்கு அடுத்த ஃபிரேம் வேறொரு ஷாட். ஒரே ஒரு ஃபிரேம் கூடுதலாக வந்தாலும் அது மினுக்காகத் தெறிக்கும். தொழில்முறைக் கருவி நமக்கு எதற்கு, பொழுதுபோக்குதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இந்த ஒரு விஷயத்தில் நமக்குத் தொழில்முறை எடிட்டர்களைவிடக் கூடுதல் துல்லியம் தேவைப்படுகிறது.

தொழிலாகவே எடிட்டிங் செய்யும் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். அந்தக் கதவுக் காட்சியை அவருக்கு அனுப்பினேன். அன்று மாலையே அழைத்தார்.

“இது வினாடிக்கு எத்தனை ஃபிரேம், தம்பி?”

“தெரியவில்லை அண்ணா.”

“டைம்லைன் எத்தனை?”

“அதுவும் தெரியவில்லை.”

“ஒலி எத்தனை சேனல்?”

“ஒலி நன்றாகத்தான் கேட்கிறது அண்ணா.”

அவர் சிரிக்கவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து, “இத்தனை நாளில் அந்த மென்பொருள் உன்னிடம் எதையுமே கேட்டதில்லையா?” என்றார்.

கேட்டதில்லை. ஃபிரேம் வேகத்தை அதுவே முடிவு செய்தது. ஆறு சேனல் ஒலியை இரண்டாக அதுவே சுருக்கியது. எந்தத் தரத்தில் சேமிப்பது என்பதற்கு ‘நல்லது’, ‘மிக நல்லது’ என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தது. நான் அதை எளிமை என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். என் சார்பில் யாரோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மாறுவது என்று முடிவான பிறகு எல்லோரும் செய்கிற தவறையே நானும் செய்தேன்: ஒரு வாரம் முழுக்க ஒப்பீட்டு அட்டவணைகளைப் படித்தேன். எதில் எத்தனை எஃபெக்ட், எதில் எத்தனை மாற்றல். அந்த வாரம் வீண். பிறகு செய்ததுதான் உருப்படியான காரியம். எனக்கு மிகவும் தொல்லை கொடுத்த ஒரு நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, அதே ஒரு நிமிடத்தை மூன்று மென்பொருளிலும் தொடக்கத்திலிருந்து செய்தேன். பதினான்கு வெட்டு, ஒரு இசை இணைப்பு, ஆறு சேனல் ஒலி, ஒரு வரி எழுத்து. எதில் கை எங்கே தடுக்குகிறது என்பது எந்த அட்டவணையிலும் இருக்காது.

மூன்றுமே காசு கொடுக்காமல் கிடைப்பவை. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்.எல்.டி. என்ற ஒரே இயந்திரம்தான், மேல்தோற்றம் வேறு. வலுக் குறைந்த கணினி வைத்திருப்பவருக்கு நான் இன்றும் இவற்றைத்தான் சொல்வேன். மூன்றாவது டாவின்சி ரிசால்வ். படங்களுக்கு நிறம் திருத்தும் கருவியாகப் பிறந்தது. 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வாங்கிய பிறகு முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்ந்து, 2017-இல் ஒலிப் பகுதியும் 2018-இல் எஃபெக்ட் பகுதியும் உள்ளே சேர்ந்தன. இலவசப் பதிப்பில் 3840-க்கு 2160 அளவு வரை, வினாடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியிடலாம். படத்தின் மேல் முத்திரை எதுவும் விழாது. படத்தில் உள்ள புள்ளிக் கசடை நீக்கும் வசதி போன்ற சில, கட்டணப் பதிப்பில் மட்டும். 1920-க்கு 1080 அளவில், 24 ஃபிரேமில் வேலை செய்கிற எனக்கு அந்த வரம்பு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி நினைவகமும் இல்லாமல் அதன் அருகே போகக்கூடாது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எல்லோரும் புகழும் நிறத் திருத்தம் அல்ல, ஒலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கோப்பை உள்ளே இழுத்ததுமே ஒரு பெட்டி திறந்தது. கோப்பின் ஃபிரேம் வேகமும் ப்ராஜெக்டின் வேகமும் வேறுபடுகின்றன, மாற்றவா, வேண்டாமா? கேட்டு முடிப்பதற்குள் ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். கேள்வி கேட்காத மென்பொருளோடு குடும்பம் நடத்திய பழக்கம். மூன்று மாலைகள் வேலை செய்த பிறகுதான், கேமரா நகரும் ஷாட்களில் எப்போதாவது ஒரு விக்கல் இருப்பதைக் கவனித்தேன். கோப்பு 23.976 ஃபிரேம், நான் ஒப்புக்கொண்ட டைம்லைன் 24. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு. ஆனால் அந்த ஒரு பங்கை மென்பொருள் எங்கேயாவது நிரப்பத்தானே வேண்டும்? சுமார் 42 வினாடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமை இரண்டு தடவை காட்டி நிரப்பிக்கொண்டிருந்தது. வேலை தொடங்கிய பிறகு ப்ராஜெக்டின் வேகத்தை மாற்ற முடியாது. மூன்று மாலைகளையும் திரும்பச் செய்தேன். அந்தப் பெட்டியை இப்போது வாய்விட்டுப் படிக்கிறேன்.

இதைத் தோண்டப் போய் இன்னொரு பழைய மர்மமும் விடுபட்டது. ஒரே படத்தின் இரண்டு டிவிடிகளிலிருந்து காட்சிகளை எடுத்துக் கலப்பது எனக்கு வழக்கம். ஒன்றில் படம் தெளிவு, மற்றொன்றில் ஒலி தெளிவு. கலந்த இடங்களில் படம் வினாடிக்கு ஒருமுறை தடுக்கி விழும். கணினிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். உலகின் ஒரு பகுதியில் தொலைக்காட்சி முறையே வினாடிக்கு 25 ஃபிரேம் என்பதால், அங்கே வெளியான டிவிடிகளில் திரைப்படத்தைச் சற்று வேகமாக ஓட்டி 25 ஆக்கியிருப்பார்கள். 23.976-இல் 40 நிமிடம் ஓடுவது அதில் 38 நிமிடம் 22 வினாடியில் முடிந்துவிடும். குரல்களும் ஒரு நூல் ஏறிக் கேட்கும். அந்த 25-ஐ அப்படியே 23.976 டைம்லைனில் போட்டால் வினாடிக்கு ஒரு ஃபிரேம் காணாமல் போகும். தீர்வு அரை நிமிட வேலை: கோப்பின் பண்புகளில் போய், ‘நீ 23.976 என்று நினைத்துக்கொள்’ என்று சொல்லிவிட வேண்டும். எல்லா ஃபிரேமும் ஒன்றுக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். ஒலியை நான் மற்ற டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆகவே இப்போது எந்தக் கோப்பையும் எடிட்டிங்குக்குள் விடுவதற்கு முன், கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து மூன்று விஷயம் பார்க்கிறேன். ஃபிரேம் வேகம் எத்தனை; அந்த வேகம் நிலையானதா, மாறுவதா; ஒலி எத்தனை சேனல். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. கைபேசியில் எடுத்த வீடியோவும் திரைப்பதிவும் பெரும்பாலும் மாறும் வேகத்தில் இருக்கும். தொடக்கத்தில் வாயும் பேச்சும் ஒட்டியிருந்து, பத்து நிமிடம் கழித்துப் பிரிந்து நடக்கும். வீடியோவை வேறு வகைக்கு மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

அடுத்த அடி கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறை. புதிய மென்பொருளில் டைம்லைனை இழுத்தால் படம் நொண்டியது. பழையதே தேவலை என்று இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். தவறு கோப்பின் தன்மையில் இருந்தது. எச்.264 போன்ற கோடெக்குகளில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. எப்போதாவது ஒரு முழு ஃபிரேம். நடுவில் வருபவை எல்லாம் ‘முன்னதிலிருந்து இன்னது மட்டும் மாறியது’ என்ற குறிப்புகள். சில கோப்புகளில் இரண்டு முழு ஃபிரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம் வரைகூட இருக்கும், அதாவது பத்து வினாடிக்கு மேல். படம் பார்ப்பதற்கு இது அருமையான ஏற்பாடு. வெட்டுவதற்கு அப்படி இல்லை; ஒரு ஃபிரேமில் போய் நின்றால், அந்த ஃபிரேமைக் காட்ட மென்பொருள் பின்னால் ஓடி முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப் படம். அதற்கு மாற்றியதும் டைம்லைன் வெண்ணெயில் கத்தி வைத்ததுபோல நகர்ந்தது.

விலை இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. 1080 அளவு, 24 ஃபிரேமுக்கு ப்ரோரெஸ் 422 வினாடிக்குச் சுமார் 117 மெகாபிட் பிடிக்கும்; ஒரு மணி நேரத்துக்கு 53 ஜிபியை நெருங்கும். ஒரு முழுத் தொடரையும் மாற்ற ஆரம்பித்து, இரண்டாம் நாள் வன்தட்டு நிரம்பி நின்றேன். இப்போது முதலில் மூலக் கோப்பைப் பார்த்து வேண்டிய காட்சிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் முன்னும் பின்னும் சில வினாடி சேர்த்து மாற்றுகிறேன். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் ப்ராக்ஸி வசதியைப் பயன்படுத்தலாம்: வெட்டுவது சிறிய நகல்களில், கடைசியாக வெளியிடும்போது மூலக் கோப்பிலிருந்து. கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும்கூட இது இருக்கிறது.

விரல்கள்தான் மிகவும் முரண்டு பிடித்தன. பழைய மென்பொருளின் குறுக்குவிசைகளையே புதியதிலும் அமைத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. எந்தச் செய்முறை வீடியோவைப் பார்த்தாலும் அவர்கள் சொல்கிற விசை என்னிடம் வேறு வேலை செய்தது. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயல்புநிலைக்குத் திரும்பினேன். ஜே பின்னால், கே நிறுத்தம், எல் முன்னால். ஐ தொடக்கக் குறி, ஓ முடிவுக் குறி. இவை அநேகமாக எல்லாப் பெரிய எடிட்டிங் மென்பொருளுக்கும் பொது. ஒருமுறை கற்றால் அடுத்த மாற்றத்தின்போதும் கூட வரும். எனக்குச் செலவு வைத்தது நீக்கும் விசை. நான் தேர்ந்தெடுத்ததில் பேக்ஸ்பேஸை அழுத்தினால் துண்டு போய் அந்த இடம் வெறுமையாக இருக்கும்; டிலீட்டை அழுத்தினால் துண்டும் போகும், பின்னால் உள்ளவை அத்தனையும் இடப்பக்கம் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நாற்பது நிமிட டைம்லைனில் நான்கு வினாடித் துண்டை டிலீட்டில் எடுத்தேன். பின்னால் தாளத்துக்குத் தாளம் பார்த்து வைத்திருந்த பாடல் காட்சி முழுவதும் நான்கு வினாடி முன்னே வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

இனி ஒலி. ரசிகர் எடிட்டில் படத்தை வெட்டுவது பாதி வேலைகூட இல்லை. வசனத்துக்கு அடியில் இசை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு வாக்கியத்தை எடுத்தால் இசையும் சேர்ந்து அறுபடும். பார்ப்பவருக்கு வெட்டு தெரியாவிட்டாலும் அறுபட்ட இசை காதில் குத்தும். பழைய மென்பொருளில் ஒலி படத்தோடு ஒட்டியே இருந்ததால், இதற்காகவே எத்தனையோ நல்ல யோசனைகளைக் கைவிட்டிருக்கிறேன்.

டிஸ்கில் வரும் 5.1 ஒலியில் ஆறு சேனல்கள்: இடம், வலம், நடு, தாழ்ஒலி, பின் இடம், பின் வலம். வழக்கமான வரிசையில் மூன்றாவது நடுச் சேனல். வசனம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இசை பெரும்பாலும் மற்றவற்றில். புதிய மென்பொருளில் அந்த ஆறும் ஆறு கோடுகளாக விரிந்ததைப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. ஐந்தை அடைத்துவிட்டு நடுவை மட்டும் ஓடவிட்டேன். அவள் பேசுகிறாள், இசை இல்லை. இத்தனை ஆண்டும் டிஸ்கிலேயே இருந்திருக்கிறது.

மகிழ்ச்சி கால் மணி நேரம் நீடித்தது. இசை போனதோடு அறையும் போய்விட்டது. தூரத்து வண்டிச் சத்தம், துணி உரசல், காற்று ஒன்றுமில்லாமல், அவள் பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. அதே காட்சியில் யாரும் பேசாத, இசையும் இல்லாத ஒரு நான்கு வினாடியைத் தேடிப் பிடித்து, அதைத் திரும்பத் திரும்ப அடுக்கி, இணைப்புகளை ஒன்றுக்குள் ஒன்று கரைத்து வசனத்துக்கு அடியில் விரித்தேன். அந்த நான்கு வினாடியைத் தேடியதுதான் நேரம். இப்போது ஒவ்வொரு காட்சியையும் எடுக்கும்போதே ‘வெறும் அறை’ என்று தனியாக ஒரு துண்டு சேகரித்து வைக்கிறேன். எந்த எஃபெக்டைவிடவும் அது அதிகம் உழைக்கிறது. நடுச் சேனலை முழுவதும் நம்பவும் கூடாது. சில படங்களில் இசையின் சாயல் அதிலும் இருக்கும்; அத்தகைய இடத்தில் புதிய இசையைக் கொஞ்சம் உரக்க வைத்து மூடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை. ஒலி வெட்டும் ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஃபிரேம் ஏற்ற இறக்கம் கொடுங்கள், ‘டிக்’ என்ற சத்தம் வராது. மூன்று மூலங்களிலிருந்து வந்த வசனங்களைச் சமமாக்க, நள்ளிரவு ஒரு மணிக்கு உங்கள் காதை நம்பாமல் ஒலி அளவுமானியைப் பாருங்கள்.

பாதியில் நின்றிருந்த நாற்பது நிமிட எடிட்டை என்ன செய்வது? பெரிய மென்பொருள்கள் ஒன்றின் டைம்லைனை மற்றொன்றுக்கு எக்ஸ்.எம்.எல். அல்லது இ.டி.எல். கோப்பாக அனுப்பிக்கொள்ளும். என் பழையதற்கு அந்த மொழி தெரியாது. அதிலிருந்து வெளியே வரக்கூடியது முடிந்த வீடியோ ஒன்றுதான். அதையே வைத்து மேலே தொடரலாமா என்று பார்த்தேன். மூன்று தடவை மறுபதிவு கண்ட படம் அது. பழையதில் ஒரே ஒரு படத் தடம் என்பதால், ஒவ்வொரு அடுக்குக்கும் ரெண்டர் செய்து, அதாவது முடிந்த வீடியோவாக வெளியே எடுத்து, மறுபடி உள்ளே கொண்டுவந்திருந்தேன். இருட்டுக் காட்சிகளில் நிழல் பட்டை பட்டையாகத் திரிந்திருந்தது.

மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி கட்டுவதுதான் ஒரே வழி என்று தெரிந்ததும் சோர்ந்துபோனேன். அண்ணன் ஒரு வித்தை சொன்னார். பழைய எடிட்டை மேல் தடத்தில் வை. அதன் கலவை முறையை ‘வேறுபாடு’ என்று மாற்று. கீழ்த் தடத்தில் மூலக் காட்சியை வைத்து நகர்த்து. இரண்டும் ஒரே ஃபிரேமில் சந்திக்கும்போது ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு திரை கறுப்பாகும்.

முதலில் வெட்டுகள் எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையை மென்பொருளின் காட்சி வெட்டுக் கண்டறியும் வசதியிடம் கொடுத்தேன்; பழைய எடிட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் கீழே மூலத்தை வைத்து நகர்த்தினேன். இரண்டு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று, பேய்ப் படம்போல வெள்ளைக் கோடுகளாக நெளியும். ஒரு ஃபிரேம் நகர்த்தினால் கோடு மெலியும். இன்னொன்று நகர்த்தினால் சட்டென்று அணைந்துவிடும். மறுபதிவின் கசடு மட்டும் புகைபோல மிஞ்சும். அந்த அணைவைப் பார்க்கவே அடுத்த துண்டுக்குப் போவேன். பதினொரு மாலைகள் ஆயின. செய்து முடித்த பிறகு, இருநூற்றுச் சொச்சம் வெட்டுகளில் நான் உண்மையில் எந்த ஃபிரேமில் வெட்டியிருந்தேன் என்று முதல்முறையாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் நான் நினைத்த இடத்தில் இல்லை.

ஆனால் ஒன்று. பாதியில் இருக்கும் பெரிய வேலையைக் கொண்டுபோய்ப் புதிய மென்பொருளைக் கற்காதீர்கள். நான் அந்த ஒரு நிமிடப் பயிற்சியோடு நிறுத்தி, அடுத்து ஒரு மூன்று நிமிடப் பாடலை முடித்துவிட்டு வந்திருந்தால் அந்த டிலீட் விபத்து சிறியதாகவே நடந்திருக்கும். பழையதையும் உடனே நீக்கிவிடாதீர்கள். எப்படிச் செய்திருந்தோம் என்று எட்டிப் பார்க்க அது வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வரி. ப்ராஜெக்ட் என்பது எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்புச்சீட்டு மட்டும். வீடியோ அதற்குள் இல்லை. கோப்புறையின் பெயரை அழகாக மாற்றிவிட்டு வந்து திறந்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்பாக நிற்கும், புதிய இடத்தைக் காட்டினால்தான் உயிர் வரும். ரிசால்வ் போன்றவை அந்தக் குறிப்புச்சீட்டையும் தனிக் கோப்பாக வைக்காமல் தரவுத்தளத்தில் வைக்கின்றன. வாரம் ஒருமுறை ஏற்றுமதி செய்து வேறொரு வன்தட்டில் போடுவது நல்லது.

உரிமை விவகாரத்தை ஒளிக்க வேண்டியதில்லை. டிஸ்கை விலைக்கு வாங்கியதால் அதை வெட்டி வெளியிடும் உரிமை கிடைத்துவிடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வீடியோ தளங்களின் தானியங்கிச் சோதனைக்கு நம் உழைப்பு எதுவும் தெரியாது. என் எடிட்டுகளில் பல என் வன்தட்டைத் தாண்டியதில்லை. அதில் எனக்குக் குறை இல்லை.

கதவுக் காட்சிக்குக் கடைசியாகத்தான் வந்தேன். மினுக்கைத் தேடினேன். ஃபிரேம் ஃபிரேமாக நகர்ந்தபோது தெரிந்தது: கதவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே வேறு யாருடைய தோளோ ஒரே ஒரு ஃபிரேம். ஒரு விசை, போய்விட்டது. இரண்டு ஆண்டுத் தொல்லை ஒரு விசையில் தீர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓடவிட்டேன்.

இன்னும் சரியில்லை.

மினுக்கு இல்லை, ஃபிரேம் வேகம் சரி, ஒலி சரி. ஆனாலும் அந்த இடத்தில் படம் ஒரு கணம் நின்று நின்று போனது. திட்டுவதற்கு மென்பொருளும் இல்லை. பத்துத் தடவை பார்த்த பிறகு உறைத்தது: கதவு முழுவதும் சாத்துவதைக் காட்டியதால் காட்சி அங்கேயே முடிந்துவிடுகிறது, படிக்கட்டு புதிதாகத் தொடங்குகிறது. இடப்பக்கம் ஒரு படி போனால் கதவு சாத்துவதற்குள் ஷாட் முடிந்துவிடுகிறதே என்று எந்த இடத்தை வேண்டாம் என்று விலக்கி வந்தேனோ, அந்தப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். சத்தம் மட்டும் அறுந்திருக்கக் கூடாது. படத்தை ஒன்பது ஃபிரேம் முன்னே வெட்டினேன். ஒலியைத் தனியே பிரித்துப் படிக்கட்டின் அடியில் ஓடவிட்டேன். கதவு இன்னும் திறந்திருக்கும்போதே அவள் இறங்கத் தொடங்கினாள். இரண்டாம் படியில் கால் வைக்கும்போது, எங்கோ மேலே கதவு சாத்தப்படும் சத்தம் விழுந்தது.

அண்ணனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “மூன்றாம் படியில் விழட்டும்.”